மறுபடி ஓட்டலாமா? மலையில் நிரல் எழுதுபவரின் கருவிகள்

புரோகிராமரின் உற்பத்தித் திறன் என்று பேச்செடுத்தால் அது பெரும்பாலும் வேகத்தில் போய் நிற்கும். எந்த எடிட்டர் நல்லது, எத்தனை ஷார்ட்கட் தெரியும், இரண்டாவது திரை வாங்கலாமா என்று. கோத்தகிரியிலோ குன்னூரிலோ வீட்டில் உட்கார்ந்து வேலை செய்பவர்களிடம் கேட்டால் கவலை வேறு திசையில் இருக்கும். நீலகிரியின் கிழக்குச் சரிவில் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. கூடலூர், பந்தலூர் பக்கம் அதே தொல்லை தென்மேற்குப் பருவமழையோடு ஆனி, ஆடியில் வந்துவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. ஒரு கற்பூர (யூகலிப்டஸ்) மரம் கம்பியில் சாய்ந்தால் கரண்டு போகும். பக்கத்தில் ஓடும் ஃபைபர் கேபிளும் சேர்ந்து அறும். ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வைத்திருந்தாலும் கேபிளே அறுந்த பிறகு அதனால் என்ன பயன்?

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு நாளைத் தின்பது மெதுவாக டைப் செய்வது கிடையாது. செய்ததையே மறுபடி செய்வதுதான். பாதியில் நின்ற டவுன்லோடை முதலிலிருந்து ஆரம்பிப்பது, அறுந்துபோன சர்வர் இணைப்பில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று தேடுவது, நேற்று எந்தக் கோப்பில் கை வைத்தோம் என்று யோசிப்பது. நல்ல கருவிகளின் வரலாற்றைப் பார்த்தால் அவற்றில் பல இந்த ஒரு தொல்லையைத் தீர்க்கவே பிறந்தவை. நகரத்தில் நல்ல நெட்டோடு இருப்பவர்களுக்கு அது அவ்வளவாகக் கண்ணில் படாது.

மேக் என்ற கருவியிலிருந்து தொடங்கலாம். 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. அவருடைய சக ஊழியர் ஸ்டீவ் ஜான்சன் ஒரு நிரலில் பிழை தேடி ஒரு காலைப் பொழுதையே வீணாக்கியிருந்தார். பிழையை ஏற்கெனவே திருத்தியாகிவிட்டது. திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்யத்தான், அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றத்தான், மறந்துவிட்டார். பழைய நிரலே ஓடிக்கொண்டிருந்தது. ஃபெல்ட்மனின் தீர்வு எளிமையானது. எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று ஒரு முறை எழுதி வைத்துவிடு. கோப்புகள் கடைசியாக மாறிய நேரத்தை ஒப்பிட்டு, பழசாகிப்போனதை மட்டும் கருவி மறுபடி கட்டும். இதில் இரண்டு யோசனைகள் இருக்கின்றன. முடிந்ததை மறுபடி செய்யாதே என்பது ஒன்று. எது முடிந்தது என்பதை மனிதனின் ஞாபகத்தில் வைக்காதே என்பது இன்னொன்று. ஐம்பது வருடமாக வந்த, நிரலைக் கட்டித் தரும் பில்டு கருவிகள் எல்லாம் இந்த இரண்டையும்தான் வளர்த்துக்கொண்டு போகின்றன.

நிரலையும் அது ஓடத் தேவையானவற்றையும் இமேஜ் என்ற ஒரே பொட்டலமாகக் கட்டும் டாக்கரில் இது தினமும் கண்ணில் படும். இமேஜ் கட்டும்போது ஒவ்வொரு படியும் ஓர் அடுக்காகச் சேமிக்கப்படுகிறது. ஒரு படி மாறினால் அதற்கு அடுத்த படிகள் எல்லாம் மறுபடி ஓடும். சார்பு நூலகங்களின் (நம் நிரல் நம்பியிருக்கும், பிறர் எழுதிய நிரல்களின்) பட்டியலை மட்டும் முதலில் நகலெடுத்து, அவற்றை நிறுவி, அப்புறம் நம் நிரலை நகலெடுத்தால், நிரலில் ஒரு வரி மாறியதற்காக நூலகங்கள் மறுபடி இறங்காது. வரிசையைத் திருப்பிப் போட்டால் ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் நூற்றுக்கணக்கான எம்பி. சென்னை சிறுசேரியின் ஐடி அலுவலகத்தில் அது இரண்டு நிமிடம். ஒற்றை மொபைல் டவரை நம்பியிருக்கும் ஹட்டியில், அதாவது மலைக் கிராமத்தில், அது அரை நாள்.

அடுத்தது கிட், நிரலில் செய்யும் மாற்றங்களை வரலாறாகச் சேமிக்கும் கருவி. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை எழுதும் குழு பிட்கீப்பர் என்ற இதே வகை வணிகக் கருவியை இலவசமாகப் பயன்படுத்திவந்தது. அந்தச் சலுகை போனதும் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டார்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டை எழுதத் தொடங்கினார். எல்லோரும் அதைப் பற்றிப் பேசும்போது கிளை, மெர்ஜ் என்று போவார்கள். மலையில் இருப்பவருக்கு முக்கியமான குணம் வேறு: ரெப்போவை, அதாவது திட்டத்தின் கோப்புக் களஞ்சியத்தை, ஒரு முறை முழுதாக இறக்கிவிட்டால் அதன் மொத்த வரலாறும் நம் கணினியில் இருக்கிறது. கமிட் செய்ய (மாற்றத்தை வரலாற்றில் பதிய), பழைய வடிவத்தைப் பார்க்க, இந்த வரியை எப்போது யார் மாற்றினார்கள் என்று தேட, எதற்கும் நெட் வேண்டாம். அனுப்பவும் வாங்கவும் மட்டும்தான் இணைப்பு. அதனால்தான் சின்னச் சின்ன கமிட்டாகப் போடுங்கள் என்று இளைஞர்களிடம் வற்புறுத்துகிறேன். கரண்டு போகும்போது கையில் இருப்பது கடைசி கமிட்தான்.

கிட் பண்டில் என்ற வசதியைப் பலர் பயன்படுத்திப் பார்த்ததே இல்லை. ரெப்போவின் வரலாற்றை, அல்லது கடைசியாக அனுப்பியதற்குப் பிறகு வந்த கமிட்டுகளை மட்டும், ஒரே கோப்பாகக் கட்டிக் கொடுக்கும். அதைப் பென்டிரைவில் போட்டு பஸ்ஸில் அனுப்பலாம். மறுமுனையில் சாதாரண ரெப்போவிலிருந்து இழுப்பதுபோல இழுத்துக்கொள்ளலாம். குன்னூர்-மேட்டுப்பாளையம் பாதையில் பர்லியார் பக்கம் மண் சரிந்து ரோடும் இல்லை என்றால் அதற்கு நான் பொறுப்பில்லை, ஆனால் கோத்தகிரி வழியாகவும் மேட்டுப்பாளையத்துக்கு ரோடு இருக்கிறது.

கிட்டில் இன்னொரு வசதி பைசெக்ட். ஆயிரம் கமிட்டுக்கு முன்னால் சரியாக இருந்த ஒன்று இன்று உடைந்திருக்கிறது என்றால், நடுவில் ஒன்றை எடுத்துச் சோதித்து, பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே போனால் பத்துச் சோதனையில் குற்றவாளி கமிட் கிடைத்துவிடும். சோதனையை ஒரு ஸ்கிரிப்ட்டாக (தானாக ஓடும் சின்ன நிரலாக) எழுதிக் கொடுத்தால் கிட் தானாகவே ஓட்டிக் கண்டுபிடிக்கும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பதில் திரையில் இருக்கும். ஆட்டோமேஷன் என்றால் என்ன என்று புதிதாக வருபவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சர்வரோடு பேசும் கருவிகளிலும் இதே கதைதான். தொலைவில் இருக்கும் சர்வரில் கட்டளை அடிக்க உதவும் சாதாரண எஸ்எஸ்ஹெச் இணைப்பு அறுந்தால், அதற்குள் ஓடிக்கொண்டிருந்த வேலையும் பெரும்பாலும் செத்துப்போகும். டிமக்ஸ், அதற்கு முன் வந்த ஸ்கிரீன் இரண்டும் டெர்மினல் (கட்டளை அடிக்கும் திரை) அமர்வைச் சர்வரிலேயே உயிரோடு வைத்திருக்கின்றன. இணைப்பு திரும்ப வந்ததும் ஒட்டிக்கொண்டால் போதும், விட்ட இடம் அப்படியே இருக்கும். எம்ஐடியில் கீத் வின்ஸ்டைன் குழு 2012இல் வெளியிட்ட மோஷ் என்ற இணைப்புக் கருவி இன்னும் ஒரு படி மேலே. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறி ஐபி முகவரி வேறானாலும், மடிக்கணினியை மூடித் திறந்தாலும் இணைப்பு தொடரும். தட்டிய எழுத்து சர்வருக்குப் போய்த் திரும்பும்வரை காத்திருக்காமல், என்ன வரும் என்று ஊகித்து உடனே திரையில் காட்டும். அவர்கள் மொபைல் நெட்வொர்க்கில் அளந்தபோது சுமார் 70 சதவீத விசைகளுக்கு இப்படி உடனடியாகப் பதில் காட்ட முடிந்தது.

கோப்புகளை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்த ஆர்சிங்க். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் 1996இல் வெளியிட்டது. வாங்கும் பக்கம் தன்னிடம் உள்ள பழைய கோப்பைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் கணக்கிட்டு அனுப்பும். அனுப்பும் பக்கம் புதிய கோப்பில் அதே துண்டுகள் எங்கே இருக்கின்றன என்று பைட் பைட்டாக நகர்ந்து தேடி, பொருந்தாத பகுதியை மட்டும் அனுப்பும். 2 ஜிபி டேட்டாபேஸ் நகலில் 5 எம்பி மாறியிருந்தால் ஏறக்குறைய அந்த 5 எம்பிதான் கம்பியில் போகும். பாதியில் நின்றதைத் தூக்கி எறியாதே என்றும் சொல்லி வைக்கலாம். பெரிய கோப்பை மின்னஞ்சலில் இணைத்து மூன்றாவது முறையாக அனுப்பிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருக்கிறது.

இதுவரை சொன்னவை ஒருவர் தன் மேசையில் வைத்துக்கொள்ளும் கருவிகள். நாமே எழுதும் ஆட்டோமேஷனில்தான் விஷயம் ஆழமாகிறது. நீலகிரியில் அதற்கு மிகப் பொருத்தமான உதாரணம் தேயிலை.

சிறு விவசாயிகள் பறிக்கும் பசுந்தேயிலை கொள்முதல் நிலையத்தில் எடை போடப்பட்டு, ரசீது எழுதப்பட்டு, ஃபேக்டரிக்குப் போகிறது. மழை நாளில் ஈரத்துக்காகக் கொஞ்சம் கழிப்பார்கள். தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் சராசரி விலையை அடிப்படையாக வைத்து மாதக் கடைசியில் பணம் கணக்காகும். இப்போது பல இடங்களில் எடை இயந்திரத்தோடு ஒரு சின்னக் கணினியும் இருக்கிறது. ராத்திரி ஒரு ஸ்கிரிப்ட் எல்லா நிலையங்களின் எடையையும் சேகரித்து ஃபேக்டரிக் கணக்கில் ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். எழுத ஒரு மாலை போதும். ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு, நாற்பது ரசீதுகள் ஏறி நாற்பத்தொன்றாவது ஏறும்போது கரண்டு போனால்? காலையில் ஒரு தம்பி போன் செய்வான்:

"அண்ணா, நைட்டு பாதியில நின்னுடுச்சு. மறுபடி ஓட்டலாமா?"

எந்த ஆட்டோமேஷனையும் எடைபோட நான் வைத்திருக்கும் கேள்வி இதுதான். "ஓட்டுப்பா, ஒண்ணும் ஆகாது" என்று யோசிக்காமல் சொல்ல முடிந்தால் அது நல்ல ஸ்கிரிப்ட். "இரு, எதுவரைக்கும் ஏறியிருக்குன்னு பார்க்கணும்" என்று சொல்ல வேண்டியிருந்தால் வேலை இன்னும் முடியவில்லை. மறுபடி ஓட்டியதில் ஒரு விவசாயிக்கு அதே இலை இரண்டு தரம் வரவு வைக்கப்பட்டால் மாதக் கடைசியில் அதைத் திருப்பிப் பிடிக்கும்போது வரும் சண்டையை எந்தத் தொழில்நுட்பமும் தீர்க்காது. விடுபட்டுப்போனால் இன்னும் மோசம். அது அவருடைய ஒரு நாள் உழைப்பு.

எத்தனை முறை ஓட்டினாலும் ஒரு முறை ஓட்டிய விளைவே மிஞ்ச வேண்டும். இதற்கு வழிகள் தெரிந்தவையே. ரசீதுக்கான அடையாள எண்ணை எடை போடும் அந்த நொடியில், அந்த இடத்திலேயே கொடுத்துவிட வேண்டும். ஏற்றும்போது கொடுத்தால் இரண்டாம் தரம் ஓட்டும்போது அதே இலை புதிய எண்ணோடு புதிய ரசீதாகிவிடும். டேட்டாபேஸில் நிலையம், ரசீது எண் இரண்டும் சேர்ந்து ஒரு தரம்தான் வர முடியும் என்று கட்டுப்பாடு வைக்க வேண்டும். ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடச் சொல்ல வேண்டும். ஒரு நிலையத்தின் ஒரு நாள் கணக்கு முழுதாக ஏற வேண்டும், இல்லையென்றால் ஒன்றுமே ஏறக் கூடாது. டிரான்ஸாக்‌ஷன் என்பது அதற்காகத்தான் இருக்கிறது. கோப்பாக எழுதினால் தற்காலிகப் பெயரில் முழுதாக எழுதி, வட்டில் இறங்கியதை உறுதிசெய்து, கடைசியில் பெயரை மாற்ற வேண்டும். லினக்ஸில் ஒரே கோப்பு முறைமைக்குள் பெயர் மாற்றம் ஒரே அடியாக நடக்கும். படிப்பவர் பழைய கோப்பைப் பார்ப்பார் அல்லது புதியதைப் பார்ப்பார், பாதிக் கோப்பு யார் கண்ணிலும் படாது.

கொள்முதல் நிலையத்தின் சின்னக் கணினிக்கு எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் போதும் என்பது என் கருத்து. 2000இல் ரிச்சர்ட் ஹிப் அதை வெளியிட்டார். அமெரிக்கக் கடற்படைக் கப்பலுக்கான ஒரு மென்பொருளில் வேலை செய்தபோது, டேட்டாபேஸ் சர்வர் நின்றால் அவருடைய நிரலும் நின்றுவிடும். திட்டு இவருக்கு வரும். சர்வரே இல்லாமல் ஒரு கோப்பில் இயங்கும் டேட்டாபேஸ் ஏன் இருக்கக் கூடாது என்று அங்கே தோன்றியதுதான் இது. எழுதும் நடுவில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதை உருவகப்படுத்தியே அதற்குச் சோதனைகள் எழுதியிருக்கிறார்கள்.

நேரம் இன்னொரு வில்லங்கம். கிரான் என்ற பழைய யுனிக்ஸ் கருவி சொன்ன நேரத்துக்கு வேலையை ஓட்டும். ஆனால் அந்த நேரத்தில் கணினி அணைந்திருந்தால் அன்றைய ஓட்டம் போனது போனதுதான். கிரான் திரும்பிப் பார்க்காது. அனக்ரான், கடைசியாக என்றைக்கு ஓடியது என்று குறித்து வைத்து, கணினி எழுந்ததும் விட்டதை ஓட்டும். லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் டைமரிலும் அதற்கென ஓர் அமைப்பு இருக்கிறது. அப்புறம் கடிகாரம். ராஸ்பெரி பை போன்ற மலிவான கணினிகளில் பெரும்பாலானவற்றில் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. கரண்டு வந்து எழும்போது நெட்டிலிருந்துதான் நேரம் வாங்கும். நெட் இல்லையென்றால் பழைய நேரத்தோடு வேலையை ஆரம்பித்துவிடும். இன்று காலை எடை போட்ட இலை நேற்றைய தேதியில் பதிவாகும். சில நூறு ரூபாய்க்குள் தனிக் கடிகாரத் தொகுதி கிடைக்கிறது. மலையில் அதை வாங்காமல் எடைக் கணக்கு வைப்பது தவறு என்றே சொல்வேன்.

ஓடியதா இல்லையா என்று யார் பார்ப்பது? ஆட்டோமேஷன் சத்தமில்லாமல் செத்துப்போகும். 2017 ஜனவரி 31 அன்று, கிட் ரெப்போக்களை இணையத்தில் வைத்துத் தரும் கிட்லாப் நிறுவனத்தில் நடந்ததை இந்தத் துறையில் இருக்கும் எல்லோரும் ஒரு தரம் படித்துவிட வேண்டும். துணை டேட்டாபேஸ் சர்வரில் ஒரு கோப்புறையை அழிக்க நினைத்த பொறியாளர் அசல் சர்வரில் அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. சரி, பேக்கப் இருக்கிறதே என்று பார்த்தால், தினமும் எடுக்கப்பட்டிருக்க வேண்டிய நகல் இல்லை. பேக்கப் எடுக்கும் கருவி டேட்டாபேஸைவிடப் பழைய பதிப்பு. அதனால் ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் அனுப்புநரைச் சரிபார்க்கும் கட்டுப்பாட்டில் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்திருந்த ஒரு நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. நடந்ததை அவர்கள் மறைக்காமல் எழுதி வெளியிட்டார்கள். அதற்காக அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: தோல்வியைச் சொல்லும் செய்தியை நம்பக் கூடாது, ஏனென்றால் அந்தச் செய்தியும் தோற்கும். வேலை முடிந்ததும் ஸ்கிரிப்ட் வெளியே ஓர் இடத்துக்கு "முடிந்தது" என்று தட்ட வேண்டும். குறித்த நேரத்துக்குள் தட்டு வரவில்லை என்றால் அந்த இடம் நமக்கு எச்சரிக்கை அனுப்பும். கரண்டு போனாலும், நெட் போனாலும், கணினியே கருகினாலும் இந்த ஏற்பாடு வேலை செய்யும். மௌனமே எச்சரிக்கையாகிவிடுகிறது.

தானியங்கிச் சோதனையை இணையத்தில் ஓட்டும் சிஐ பற்றிச் சுருக்கமாக ஒன்று மட்டும். நெட் கிடைத்த பத்து நிமிடத்தில் கமிட்டுகளைத் தள்ளிவிட்டால், நம் வீட்டில் கரண்டு இல்லாதபோதும் சோதனைகள் வேறெங்கோ ஓடி முடியும். இது மலையில் இருப்பவருக்குப் பெரிய வரம். ஆனால் சிஐயில் ஓடும் அதே சோதனை, ஒரே கட்டளையில் நம் கணினியிலும் ஓட வேண்டும். சிஐயின் அமைப்புக் கோப்புக்குள்ளேயே எல்லாப் படிகளையும் எழுதிவைத்தால், ஒரு காற்புள்ளி விட்டதைக் கண்டுபிடிக்கக்கூட நெட்டுக்குக் காத்திருக்க வேண்டும்.

எதை ஆட்டோமேட் செய்யக் கூடாது என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மாதாந்தரப் பசுந்தேயிலை விலையை எங்கிருந்தோ தானாக எடுத்துக் கணக்கில் போடும் ஸ்கிரிப்ட் எழுதித்தரச் சொல்லிக் கேட்பார்கள். வேண்டாம். மாதத்துக்கு ஒரே ஓர் எண். அதைக் கையால் அடிக்க அரை நிமிடம். அந்த ஓர் எண் தவறினால் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கணக்கு தவறும். ஒருவர் அடிக்க, இன்னொருவர் அறிவிப்போடு ஒப்பிட்டுப் பார்த்து ஒப்புதல் கொடுக்கட்டும்.

இப்போது எல்லோரும் கேட்கும் ஏஐ உதவியாளர்கள். 2025இல் மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு, அனுபவமுள்ள 16 ஓப்பன் சோர்ஸ் நிரலாளர்களைத் தங்களுக்கு நன்கு பழகிய திட்டங்களில் 246 வேலைகளைச் செய்யச் சொன்னது. சில வேலைகளில் ஏஐ அனுமதி, சிலவற்றில் இல்லை. ஏஐயோடு செய்தபோது நேரம் 19 சதவீதம் கூடியது. ஆனால் வேலை முடிந்த பிறகும் அவர்கள் தங்களுக்கு 20 சதவீதம் நேரம் மிச்சமானதாகவே நம்பினார்கள். கருவிகள் அதற்குப் பின் மாறிவிட்டன. தெரியாத மொழியில், புதிய திட்டத்தில் விளைவு வேறாகவும் இருக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த இடைவெளி: வேகமாகப் போவதாகத் தோன்றுவதும் வேகமாகப் போவதும் ஒன்றில்லை, உள்ளே இருப்பவருக்கே அது தெரிவதில்லை.

ஏஐயை ஒதுக்கச் சொல்லவில்லை. ஒரு கேள்விக்கு ஒரு தரம் பதில் வாங்கிக்கொண்டு போவதைவிட, திரும்பத் திரும்ப ஓடப்போகும் ஸ்கிரிப்ட்டையும் அதற்கான சோதனையையும் எழுதி வாங்குவது மலையில் இருப்பவருக்கு அதிக லாபம். ஒரு முறை நெட் இருந்தால் போதும். எழுதியது ரெப்போவில் தங்கிவிடும், நெட் இல்லாத நாட்களிலும் ஓடும். எடிட்டரின் நிறைவு வசதிக்கும் ஏஐயையே நம்ப வேண்டியதில்லை. 2016இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த லாங்குவேஜ் சர்வர் நெறிமுறையால் அதை ஆதரிக்கும் எந்த எடிட்டரும், லாங்குவேஜ் சர்வர் உள்ள எந்த மொழிக்கும், பெயர் நிறைவு, பிழைச் சுட்டல், வரையறைக்குத் தாவுதல் போன்றவற்றை நம் கணினியிலேயே செய்ய முடிகிறது.

ஆனால் ஏஐ எழுதித்தரும் ஸ்கிரிப்ட்டைத் தொழிற்சாலைக் கணக்கில் விடுவதற்கு முன், நாம் எழுதியதற்கு வைக்கும் அதே சோதனையை அதற்கும் வையுங்கள். உண்மையான ஒரு நாள் தரவின் நகலை எடுத்து, ஒரு முறை இடையூறில்லாமல் ஓட்டி, ஒவ்வொரு விவசாயியின் மொத்த எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். நகலைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து மறுபடி ஓட்டுங்கள். இந்தத் தரம் நடுவில் கணினியின் பிளக்கைப் பிடுங்குங்கள். ஆன் செய்து திரும்ப ஓட்டி, இன்னொரு இடத்தில் பிடுங்குங்கள். கடைசியில் முழுதாக ஓடவிட்டு இரண்டு பட்டியலையும் ஒப்பிடுங்கள். ஒரு கிலோ வித்தியாசம் வந்தாலும் அந்த ஸ்கிரிப்ட் கொள்முதல் நிலையத்துக்குப் போகக் கூடாது.